வாத்தியம் மாறும் இடம்



ஓர் உருப்படி நடந்துகொண்டிருக்கும்போதே, அதை வாசிப்பவர் தம் கையிலிருக்கும் வாத்தியத்தை வைத்துவிட்டு வேறொன்றை எடுத்துக்கொள்வதுண்டு. குழலூதுபவர் ஒரு சுருதிக் குழலை உறையில் இட்டு மற்றொரு சுருதிக் குழலை எடுக்கிறார். மேனாட்டு வாத்தியக் கோஷ்டியில் கிளாரினெட் வாசிப்பவர், அதனைவிடச் சற்று நீளமான வேறொரு கிளாரினெட்டைக் கையில் கொள்கிறார். இந்த மாற்றத்தை இசை எழுதும் தாளில் எவ்வாறு குறிப்பது? அண்மைக் காலத்தில் வந்துள்ள கணிப்பொறி மென்பொருள்கள் இதற்கு எவ்வளவு உதவுகின்றன? எந்த இடத்தில் அவற்றின் உதவி நின்றுவிடுகிறது? இவையே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

இது வித்துவான்களுக்கு மட்டும் உரிய விஷயம் என்று எண்ணி எவரும் வானொலிப் பெட்டியை நிறுத்திவிட வேண்டாம். இன்று பள்ளி மாணவர்களும் கணிப்பொறியில் இசை எழுதுகிறார்கள். எழுதியதை அந்த இயந்திரமே அந்தக் கணத்தில் வாசித்துக் காட்டிவிடுகிறது. ஆனால் இயந்திரம் மூச்சு வாங்குவதில்லை; மனிதன் மூச்சு வாங்குகிறான். இந்த வேறுபாட்டை மறந்து எழுதப்பட்ட தாள் ஒன்று மேடைக்கு வருமாயின், அதனால் வரும் பழி எழுதியவரைச் சேர்வதில்லை. சபையின் நடுவே தடுமாறி நிற்கும் வாத்தியக்காரரையே அது சேர்கிறது. ஆகவே இது நியாயத்தைப் பற்றிய பேச்சுமாகும்.

முதலில் நம் மரபைப் பார்ப்போம். உருப்படியின் நடுவே மாறுதல் செய்வது நமக்குப் புதிதன்று. இராகமாலிகை என்ற உருப்படியில் பகுதிக்குப் பகுதி இராகம் மாறுகிறது. அதனை ஸ்வரப்படுத்தி அச்சிடும்போது ஒவ்வொரு பகுதியின் தலைப்பிலும் அந்த இராகத்தின் பெயரைப் பொறிக்கிறோம். ஓர் இராகத்திலிருந்து மற்றோர் இராகத்துக்குச் செல்ல, இடையே சிட்டை ஸ்வரங்களைப் பாலமாக அமைக்கிறோம். பாடுபவரைத் திடீரென்று பள்ளத்தில் தள்ளிவிடாமல் கைபிடித்து அழைத்துச் செல்லும் ஏற்பாடு அது.

சுருதி மாறுதலும் நமக்குப் பழக்கமானதே. குறிஞ்சி, புன்னாகவராளி, நாதநாமக்கிரியை போன்ற இராகங்களை மத்தியம சுருதியில் பாடுவது வழக்கம். அதாவது, இதுவரை மத்தியமமாக இருந்த இடத்தையே ஷட்ஜமமாகக் கொண்டு பாடுகிறோம். கச்சேரியின் பிற்பகுதியில் தம்பூராவின் பஞ்சமத் தந்தியை மத்தியமத்துக்கு இறக்கிச் சுருதி சேர்ப்பதை நேயர்கள் கேட்டிருக்கலாம். அந்தச் சிறிது நேரத்துக்குப் பாட்டு நிற்கிறது. சபையும் பொறுமையாகக் காத்திருக்கிறது.

இவ்வாறு இராகம் மாறும் இடத்தை எழுதினோம். தாளம் மாறும் இடத்தையும் எழுதினோம். வாத்தியம் மாறும் இடத்தை மட்டும் நம் ஏடுகள் பெரும்பாலும் எழுதவில்லை. அதற்குத் தக்க காரணம் உண்டு.

நம்முடைய ஸ, ரி, க, ம என்ற எழுத்துக்கள் ஒரு குறிப்பிட்ட ஒலியின் பெயர்கள் அல்ல. ஆதார ஷட்ஜமத்திலிருந்து மற்றொரு ஸ்வரம் எவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்ற உறவையே அவை குறிக்கின்றன. பாடுபவர் எந்தக் கட்டையில் ஷட்ஜமத்தை வைத்துக்கொண்டாலும் ஏட்டில் ஓர் எழுத்தும் மாற வேண்டியதில்லை. ஆண் பாடினாலும் பெண் பாடினாலும், வீணையில் வாசித்தாலும் குழலில் ஊதினாலும் அதே ஏடு போதும்.

இதற்கு நம் காவிரி நாட்டிலேயே நல்ல சான்றுகள் உள்ளன. பழைய நாகஸ்வரம் திமிரி எனப்பட்டது. நீளத்தில் குறைந்து, நான்கு கட்டைக்கு மேற்பட்ட உயர்ந்த சுருதியில் முழங்குவது அது. பின்னர் திருவாவடுதுறை டி. என். இராஜரத்தினம் பிள்ளை அவர்கள் நீளமான பாரி நாகஸ்வரத்தைக் கையாண்டு அதற்குப் பெரும் புகழ் தேடித்தந்தார். 1898ஆம் ஆண்டில் பிறந்து 1956ஆம் ஆண்டில் மறைந்தவர் அவர். அத்தகைய நாகஸ்வரங்களை ஆச்சா மரத்தில் கடைந்து கொடுக்கும் ஊர், கும்பகோணத்துக்கு அருகிலுள்ள நரசிங்கம்பேட்டை. அவ்வூர் நாகஸ்வரத்துக்கு 2022ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. திமிரியிலிருந்து பாரிக்கு வந்தபோது சுருதி இரண்டு, இரண்டரைக் கட்டை அளவுக்கு இறங்கியது. ஆயினும் கீர்த்தனங்களின் ஸ்வர ஏட்டைத் திருத்தி எழுத வேண்டிய தேவை எழவில்லை.

மற்றொரு சான்று சதிர்க் கச்சேரி. சின்ன மேளம் என்று வழங்கிய அதில் முகவீணை என்ற சிறு குழல் வாத்தியம் முன்பு இடம்பெற்றிருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அவ்விடத்துக்கு ஐரோப்பியக் கிளாரினெட் வந்து சேர்ந்தது. வர்ணமும் பதமும் அப்படியே இருந்தன. ஊதும் கருவி மட்டும் மாறியது. அந்தக் கிளாரினெட் பின்னர் தனிக் கச்சேரி வாத்தியமாகவும் உயர்ந்தது. நம் திருச்சிராப்பள்ளி ஏ. கே. சி. நடராஜன் அவர்களுக்கு 2022ஆம் ஆண்டில் பத்மஸ்ரீ விருது கிடைத்தது அந்த வளர்ச்சிக்கு நாடு அளித்த மரியாதை எனலாம்.

இனி மேனாட்டு முறையைக் காண்போம். ஐந்து கோடுகளின் மீதும் இடையிலும் புள்ளிகளை இட்டு எழுதுவது அவர்கள் முறை. அந்த முறை நமக்கு முற்றிலும் அந்நியமானதன்று. பண்ணைப்புரத்தில் பிறந்த இளையராஜா அவர்கள் அம்முறையில் எழுதிய சிம்பொனியை 2025ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 8ஆம் நாள் இலண்டன் மாநகரில் ராயல் பில்ஹார்மானிக் வாத்தியக் குழுவினர் வாசித்தார்கள். ஆகவே அந்த எழுத்தின் இலக்கணம் நம் பிள்ளைகளுக்கும் வேண்டியதே.

அந்த முறையில் ஒவ்வொரு கோடும் ஒரு நிலையான ஒலியின் இருப்பிடம். இதனை ஹார்மோனியப் பெட்டியைக் கொண்டு விளக்கலாம். வெள்ளைக் கட்டைகளை ஒன்று முதல் ஏழு வரை எண்ணி, இடையிலுள்ள கறுப்புக் கட்டைகளுக்கு ஒன்றரை, இரண்டரை என்று பெயர் சொல்கிறோம் அல்லவா? ஐந்து கோட்டு முறை ஏறக்குறைய அந்தக் கட்டைகளையே எழுதுகிறது. ஆனால் இதில் ஒரு வியப்பு உண்டு. சில வாத்தியங்களுக்குத் தாளில் எழுதுவது ஒன்று, காதில் ஒலிப்பது மற்றொன்று. பி ஃபிளாட் கிளாரினெட் வாசிப்பவர் தாளிலுள்ள ஒரு கட்டையைப் பார்த்து ஊதினால், கீழ் ஸ்தாயியின் ஆறரைக் கட்டை ஒலிக்கும். ஏ கிளாரினெட்டில் அதே புள்ளியைப் பார்த்து ஊதினால் ஆறு கட்டை ஒலிக்கும். பிக்கலோ என்ற சிறு குழல், எழுதியதற்கு ஒரு ஸ்தாயி மேலே ஒலிக்கும்.

ஏன் இந்தச் சுற்றுவழி? வாசிப்பவரின் விரலுக்காகவே. ஒரு புள்ளியைக் கண்டால் விரல்கள் ஒரே துளைகளை மூட வேண்டும். குழல் எந்த நீளமாயினும் அப்பழக்கம் மாறக் கூடாது. நம் குழல் வித்துவான் எந்தச் சுருதிக் குழலை எடுத்தாலும் ஷட்ஜமத்துக்கு ஒரே விரல் வைப்பைக் கையாளுகிறார். அவர்கள் தாளின் மூலம் செய்துகொள்ளும் வசதியும் அதுவே. ஆனால் அந்த வசதிக்கு விலை உண்டு. காதில் ஒரு கட்டை ஒலிக்க வேண்டுமானால் பி ஃபிளாட் கிளாரினெட்டுக்கு இரண்டு கட்டை என்றும், ஏ கிளாரினெட்டுக்கு இரண்டரைக் கட்டை என்றும் எழுதித் தர வேண்டும். உருப்படியின் நடுவே ஒன்றை விட்டு மற்றொன்றை எடுக்கும்போது, அந்த இடம் முதல் எல்லாப் புள்ளிகளும் மாறியாக வேண்டும்.

இவ்வாறு ஒருவரே இரண்டு வாத்தியங்களை வாசிப்பது அங்கே மிகவும் பழைய வழக்கம். சமஸ்கிருதம் பயின்று, நம் நாட்டுச் சாவித்திரியின் கதையை இசை நாடகமாக எழுதிய ஆங்கிலேயர் குஸ்தாவ் ஹோல்ஸ்ட் என்பார், ‘கிரகங்கள்’ என்ற பெரிய படைப்பையும் இயற்றினார். அது 1918ஆம் ஆண்டில் முதன்முதல் வாசிக்கப்பட்டது. அதில் குழல் வாசிப்போர் நால்வர். மூன்றாமவர் இடையிடையே பிக்கலோவை எடுக்க வேண்டும். நான்காமவர் பிக்கலோவையும், தாழ்ந்த சுருதியுள்ள பெரிய குழலையும் எடுக்க வேண்டும். நால்வருக்குள் ஏழு வாத்தியங்கள்! இத்தகைய தாள்களை எழுதியவர்கள் மூன்று செய்திகளைத் தவறாமல் குறித்தார்கள். எந்த வாத்தியத்தை எடுக்க வேண்டும் என்பது ஒன்று. எந்த இடத்தில் எடுக்க வேண்டும் என்பது இரண்டு. அதற்குப்பின் வரும் புள்ளிகள் எந்தச் சுருதிக் கணக்கில் எழுதப்பட்டுள்ளன என்பது மூன்று. முன்னைய வாத்தியத்தின் கடைசிப் புள்ளி முடிந்தவுடனேயே ‘அடுத்து இன்ன வாத்தியம்’ என்ற எச்சரிக்கையையும் எழுதிவிடுவார்கள்.

இப்பொழுது இந்த வேலையில் பெரும் பகுதியைக் கணிப்பொறி செய்கிறது. விலையின்றிக் கிடைக்கும் மியூஸ்ஸ்கோர், விலைக்குக் கிடைக்கும் சிபெலியஸ், 2016ஆம் ஆண்டில் வெளிவந்த டோரிகோ முதலியவை இசை எழுதும் மென்பொருள்கள். மியூஸ்ஸ்கோரில், மாற்றம் தொடங்கும் புள்ளியைத் தேர்ந்து, அங்கே ‘வாத்திய மாற்றம்’ என்ற குறிப்பை இட்டு, பட்டியலிலிருந்து புதிய வாத்தியத்தைத் தெரிவு செய்ய வேண்டும். உடனே அவ்விடம் முதல் ஒலி மாறுகிறது. புள்ளிகள் புதிய சுருதிக் கணக்குக்கு ஏற்ப ஏறியோ இறங்கியோ அமைகின்றன. சிபெலியஸிலும் இத்தகைய ஏற்பாடு உண்டு. முன்னெச்சரிக்கையையும் அதுவே எழுதிவிடுகிறது.

டோரிகோ செய்வோர் இதனை இன்னும் ஆழமாகச் சிந்தித்திருக்கிறார்கள். அங்கே முதலில் வாசிப்பவர் ஒருவரை நியமிக்க வேண்டும். அதன்பின் அவர் கையில் ஒன்றோ பலவோ வாத்தியங்களைக் கொடுக்கலாம். ஆசிரியர் ஒவ்வொரு வாத்தியத்துக்கும் உரிய பகுதியைத் தனித்தனியே எழுதுகிறார்; மென்பொருள் அவற்றை ஒரே வரிசையாக இணைத்து, மாறும் இடங்களில் குறிப்பை இடுகிறது. மனிதர் முதலில், வாத்தியம் பின்பு என்ற இந்த வரிசை எனக்கு மிகவும் உவப்பானது.

இங்கே மாணவர்கள் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. தாளின் மேல் ‘கிளாரினெட்’ என்று வெறும் எழுத்தாகத் தட்டிவிட்டால் போதாது. அது மனிதக் கண்ணுக்குத் தெரியும் சொல்லே ஒழிய, இயந்திரத்துக்குக் கட்டளை ஆகாது. புள்ளிகள் பழைய குழலின் கணக்கிலேயே நிற்கும். அந்தத் தாளை வைத்து பி ஃபிளாட் கிளாரினெட் ஊதினால், எல்லோரும் ஒரு கட்டையில் நிற்க அவர் மட்டும் கீழே ஆறரைக் கட்டையில் நிற்பார். ஆகவே மாற்றத்துக்கென்று அமைந்த குறிப்பையே இட வேண்டும். அதன்பின், ‘ஒலிக்கும் சுருதி’, ‘எழுதும் சுருதி’ என்ற இரு பார்வைகளையும் மாற்றி மாற்றிப் பார்த்துச் சரிபார்க்க வேண்டும்.

சுருதிக் கணக்கை இயந்திரம் செய்துவிட்டது. எஞ்சியிருப்பது காலம். இதனை இயந்திரம் செய்வதில்லை. ஒரு புள்ளி வரை குழல், அடுத்த புள்ளி முதல் கிளாரினெட் என்று எழுதினாலும் அது தயங்காமல் வாசித்துக் காட்டும். அதற்குக் கையுமில்லை, உதடுமில்லை.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். நிமிஷத்துக்கு 120 எண்ணிக்கை என்ற வேகத்தில், நான்கு எண்ணிக்கை கொண்ட ஒரு பகுதி 2 விநாடியில் முடிந்துவிடும். அந்த 2 விநாடிக்குள் வாசிப்பவர் ஒரு வாத்தியத்தைச் சேதமின்றிக் கீழே வைத்து, மற்றொன்றை எடுத்து, உதட்டில் பொருத்தி, மூச்சு நிரப்பி, தம் இடத்தை எண்ணிப் பிடிக்க வேண்டும். நிமிஷத்துக்கு 60 என்ற வேகத்தில் ஆதி தாளத்தின் ஓர் ஆவர்த்தனம் 8 விநாடி. இதுவாயின் ஒருவாறு இயலும். அதிலும் சிக்கல் உண்டு. நெடுநேரம் சும்மா இருந்த குளிர்ந்த குழல் வாத்தியம் சுருதி சற்று இறங்கியே ஒலிக்கும். ஊதி ஊதி வெப்பம் ஏறிய பின்பே நிலைக்கு வரும். நாகஸ்வரமாயின் சீவாளி பதமாக நனைந்திருக்க வேண்டும். அதற்காகவே நம் நாகஸ்வரக் கலைஞர்கள் பல சீவாளிகளை நூலில் கோத்து வாத்தியத்திலேயே தொங்கவிட்டிருக்கிறார்கள். இவையெல்லாம் கணிப்பொறித் திரையில் தெரிவதில்லை.

ஆகவே வாத்தியம் மாறும் இடத்தில் போதிய மௌனத்தை எழுதுவது ஆசிரியரின் கடமை. அந்த மௌனத்தை மற்ற வாத்தியங்களைக் கொண்டு நிரப்பலாம். தவிலுக்கோ மிருதங்கத்துக்கோ ஓர் ஆவர்த்தனம் கொடுக்கலாம். இராகமாலிகையின் சிட்டை ஸ்வரம் போல அதுவும் ஒரு பாலமே. கேட்பவருக்கு அது அழகாகத் தோன்றும். வாசிப்பவருக்கு அது உயிராக இருக்கும்.

நம் ஸ்வர எழுத்துக்கு வாத்திய மாற்றம் பற்றிய கவலையே இல்லை என்று முன்னே சொன்னேன். அது முழு உண்மையன்று. இப்போது மறுபாதியையும் சொல்லியாக வேண்டும். ஸ்வர எழுத்து மாறாது, கமகம் மாறும். எட்டயபுரத்தில் 1904ஆம் ஆண்டில் சுப்பராம தீட்சிதர் வெளியிட்ட ‘சங்கீத சம்பிரதாயப் பிரதர்சினி’ என்ற பெருநூலில் கமகங்களுக்குத் தனித்தனி அடையாளங்கள் உள்ளன. அந்நூல் உருவாவதற்குத் தூண்டுகோலாக இருந்தவர்களுள் ஒருவர், நம் சங்கீதத்தை ஐந்து கோட்டு முறையில் எழுதி அச்சிட அரும்பாடுபட்ட சின்னசாமி முதலியார். தீட்சிதர் குறித்த அடையாளங்களுள் ‘ஒதுக்கல்’ என்பது ஒன்று. வீணையில் ஒரே மெட்டின்மேல் தந்தியை ஒதுக்கி இழுத்து மேல் ஸ்வரத்தைப் பிறப்பிப்பது அது. குழலில் தந்தி ஏது? அங்கே அதே பலனை விரலாலும் மூச்சாலும் பெற வேண்டும். வாசிப்பது வீணையா குழலா என்பது தெரியாவிட்டால் அந்த அடையாளம் பாதிப் பொருளே தரும்.

இந்த உண்மையை நம் முன்னோர் கதையாகவும் சொல்லி வைத்திருக்கிறார்கள். எங்கள் கீழப்பழுவூரின் ஆலந்துறைக் கோயில் திருஞானசம்பந்தரால் பாடப்பெற்றது. அப்பதிகத்தின் தலைப்பில் இந்தளம் என்று பண்ணின் பெயர் நிற்கிறது. சம்பந்தருடன் தலந்தோறும் சென்று, அவர் பாடலை யாழில் இட்டு வாசித்தவர் திருநீலகண்ட யாழ்ப்பாணர். தருமபுரத்தில் சம்பந்தர் பாடிய ஒரு பதிகம் யாழில் அடங்காமற் போகவே, பாணர் யாழையே உடைக்கத் துணிந்தார் என்றும், பிள்ளையார் தடுத்தருளினார் என்றும் பெரியபுராணம் கூறுகிறது. அப்பதிகத்துக்கு யாழ்முரி என்றே பெயர். பண் ஒன்று, பாட்டு ஒன்று. ஆயினும் மிடற்றில் நிற்பது நரம்பில் நிற்கவில்லை. குறை பாணரிடம் இல்லை என்று சம்பந்தர் தேற்றிய செய்தியே எனக்கு அந்தக் கதையில் மிகப் பெரிதாகத் தோன்றுகிறது.

இதனை நான் இவ்வளவு வற்புறுத்துவதற்கு ஒரு காரணம் உண்டு. நம் கோயில்களில் எந்த வேளைக்கு எந்த வாத்தியம், எந்த உருப்படி என்ற ஒழுங்கு நெடுங்காலமாக நடந்து வருகிறது. சுவாமி புறப்பாட்டுக்கு மல்லாரி. தேருக்கு ஒரு மல்லாரி, தளிகைக்கு ஒரு மல்லாரி, தீர்த்தத்துக்கு ஒரு மல்லாரி. சில தலங்களில் குறிப்பிட்ட வேளைகளுக்கு முகவீணை. எவ்விடத்தில் ஒன்று நின்று மற்றொன்று தொடங்க வேண்டும் என்பது பரம்பரையாக வாசிக்கும் குடும்பங்களின் நினைவில் இருக்கிறது. பாட்டின் ஸ்வரங்கள் ஏட்டில் ஏறியிருக்கலாம். வாத்தியம் மாறும் இடம் ஏறியிருப்பது அரிது. பெரியவர் ஒருவர் கண்மூடினால் ஸ்வரம் தப்பிப் பிழைக்கும். ஒழுங்கு அவரோடு போய்விடும்.

இளைஞர்களே! உங்கள் கையில் கணிப்பொறி இருக்கிறது. உங்கள் ஊர்க் கோயிலில் வாசிக்கும் பெரியவரிடம் பணிவோடு சென்று, ‘ஐயா, இந்த இடத்தில் எதை வைக்கிறீர்கள், எதை எடுக்கிறீர்கள், எவ்வளவு நேரம் நிறுத்துகிறீர்கள்?’ என்று கேளுங்கள். அவர் அனுமதித்தால் எழுதிக்கொள்ளுங்கள். ஸ, ரி, க, ம என்றே எழுதுங்கள்; மேலே வாத்தியத்தின் பெயரையும் அதன் கட்டையையும் குறியுங்கள். வேண்டுமானால் பின்னர் ஐந்து கோட்டிலும் எழுதலாம்.

எழுதியதைக் கணிப்பொறியில் மட்டும் பூட்டி வைக்காதீர்கள். 1988ஆம் ஆண்டில் பிறந்து உலகெங்கும் பெயர்பெற்ற ஃபினாலே என்ற இசை எழுதும் மென்பொருளின் வளர்ச்சியை அதன் உரிமையாளர்கள் 2024ஆம் ஆண்டில் நிறுத்திவிட்டார்கள். அதில் பல்லாண்டு எழுதியவர்கள் தம் படைப்புகளை வேறு மென்பொருளுக்குக் கொண்டுசெல்ல நேர்ந்தது. அதற்குப் பயன்பட்டது மியூசிக் எக்ஸ்எம்எல் என்ற பொது வடிவம். ஆகவே எழுதுவதை அந்தப் பொது வடிவில் ஒரு படியும், நல்ல தாளில் அச்சிட்டு ஒரு படியும் வைத்துக்கொள்வது அறிவுடைமை. தாளுக்கு மின்சாரம் வேண்டாம்.

ஆசிரியப் பெருமக்களுக்கும் ஒரு வார்த்தை. பள்ளி விழாவுக்கு மாணவன் ஒருவன் இசை எழுதிக் கொண்டுவந்தால், அது கணிப்பொறியில் இனிமையாக ஒலிக்கிறது என்பதோடு திருப்தி அடைய வேண்டாம். அவனை வாசிப்பவரின் அருகில் உட்காரச் செய்யுங்கள். குழலை வைக்க எத்தனை எண்ணிக்கை ஆகிறது, கிளாரினெட்டை எடுக்க எத்தனை ஆகிறது என்று அவனே தாளம் போட்டு எண்ணட்டும். எண்ணிய பிறகு அவன் தன் தாளைத் திருத்துவான். பிறருடைய கைக்கும் மூச்சுக்கும் இடம் விட்டு எழுதக் கற்றவன், இசையை மட்டுமா கற்றான்? மற்றவரோடு சேர்ந்து வாழும் முறையையும் சிறிது கற்றவனாகிறான்.